முன்பு வந்து சென்றவர்

முத்துத்துறை அருங்காட்சியகத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. கேட்கக் காவியம்போல இருக்கும். நடந்தது அவ்வளவு கம்பீரமாக இல்லை. அடுத்தடுத்துச் சில மழைக்காலங்களில் தண்ணீர் முழங்கால்வரை உள்ளே வந்தது, சுவர் ஊறியது, மின் இணைப்பைத் துண்டித்தார்கள். பிறகு சாமான்களை லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பழைய உப்புக் கிடங்கில் இறக்கினார்கள். கட்டடம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. உள்ளே நண்டுகள் வாடகையில்லாமல் குடியிருக்கின்றன.

அன்றிலிருந்து அருங்காட்சியகம் என்பது ஓர் இணையதளம் மட்டும்தான். குறை சொல்ல முடியாத தளம். திரையைத் தொட்டால் பழைய வாசல் திறக்கும். நமக்கென்று ஓர் உருவம் கிடைக்கும். அதை நடத்திக்கொண்டு கூடம் கூடமாகப் போகலாம், சங்கை எடுத்து ஊதலாம், தோணியில் பாய் விரிக்கலாம். பக்கத்தில் நிற்பவரோடு பேசலாம். பேசுவது எழுத்தாகத் தலைக்கு மேலே மிதக்கும். பெயர், ஊர், தொலைபேசி எண் மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த இடத்தில் கறுப்புப் பட்டை விழுந்துவிடும். வருகிறவர்களின் பாதுகாப்புக்காக அப்படி ஒரு விதி. ஆளுக்கொரு புனைபெயரை வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

இதையெல்லாம் பராமரித்தவள் ஜெசிந்தா. ஒப்பந்த ஊழியை, நாற்பதை நெருங்குகிறவள், தனியாக வாழ்கிறவள். உப்புக் கிடங்கின் மூலையில் தடுத்துக் கட்டிய ஓர் அறை அவளுடைய அலுவலகம். சுற்றிலும் மரப்பெட்டிகள். மதியச் சாப்பாட்டை அந்தப் பெட்டிகளில் ஒன்றின்மேல் வைத்துத்தான் சாப்பிடுவாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதர் இயக்குநர் இளம்பரிதி. அவரும் சென்னையிலிருந்து தொலைபேசியில்தான் கூப்பிடுவார்.

தளத்துக்கு ஒரே ஒரு நோய் இருந்தது. கூடங்கள் காலியாகக் கிடந்தன. மனிதர்கள் காலியான ஓட்டலுக்குள் நுழைய யோசிப்பது மாதிரிதான் இதுவும். எட்டிப் பார்ப்பார்கள், ஆள் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார்கள். இதற்கு இளம்பரிதி கண்டுபிடித்த மருந்தின் பெயர் ‘கூட்டம்’. முன்பு வந்து சென்றவர்களின் நடையையும் பேச்சையும் தளம் பதிவு செய்து வைத்திருந்தது. அவற்றைத் திரும்ப ஓட்டினால் என்ன? சித்திரை மாதத்தில் ஓட்டினார்கள். கூடங்கள் நிறைந்தன. ஏமாற்று என்று யாரும் சொல்லக்கூடாதல்லவா, அதனால் பதிவான உருவங்களுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். தொட்டால் ஒரு பலகை வரும்: ‘இவர் முன்பு வந்து சென்றவர்.’ நிஜமாக வருகிறவர்கள் பெருகினார்கள், நிதி கொடுப்பவர்கள் மகிழ்ந்தார்கள். இளம்பரிதிக்கு இரண்டு மாநாடுகளில் பொன்னாடை போர்த்தினார்கள்.

மார்கழியில் ஒரு நாள், சேமிப்பிடம் நிரம்பிவிட்டதென்று ஜெசிந்தா பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தாள். முத்துக்குளிப்புக் கூடத்தில் ஒரு சாம்பல் உருவம் கண்ணில் பட்டது. குள்ளமான ஆண் உருவம், சாம்பலுக்கு அடியில் காக்கிச் சட்டை. சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நுழையும், டிக்கெட் சன்னலில் ஒரு கணம் நிற்கும், கலங்கரை விளக்கின்கீழ் ஒரு கணம் நிற்கும், பிறகு நேரே முத்துக்குளிப்பவர்கள் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் கல்லுக்கு வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகும். பெயர் ‘ஏழாம் நம்பர்’. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

‘கோப்பு இல்லை’ என்றது தளம்.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இல்லை. பதிவு இல்லாமல் பதிவான உருவம் எப்படி நடக்கும்? இணைப்புகளைத் திறந்து பார்த்தாள். அந்த உருவத்துக்குப் பின்னால், எங்கோ ஒரு கைபேசியில், ஓர் ஆள் இருந்தார். நிஜ ஆள். அந்த நிமிடம் அங்கே நிற்கும் ஆள். அவரைத்தான் அவள் இரண்டு முறை அழிக்கப் பார்த்திருந்தாள்.

தளம் மற்றவர்களுக்கு மறைப்பதைப் பராமரிப்பாளர் மட்டும் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். அவள் அந்தப் பார்வைக்கு மாறியதும் அவர் தலைக்கு மேலே மிதந்த எழுத்து தெரிந்தது. “தப்பா நெனச்சுக்கிடாதீங்க. மன்னிச்சிக்கிடுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஐயா, நான் இந்த மியூசியத்துல வேல பாக்குதவ. நான் பேசுறது உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டாள்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வந்தன.

“யம்மா! தெரியுது தாயி, தெரியுது. சித்திரையில இருந்து இங்க ஒருத்தரும் எங்கூடப் பேசல. நீங்கதான் மொத ஆளு.”

“ஒருத்தரும் பேசலன்னா எங்ககிட்ட எழுதிக் கேட்டிருக்கலாமே?”

“எழுதுனேன். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ன்னு வந்துச்சு. நம்ம கருத்து மேலானதுன்னு அன்னைக்குத்தான் தெரியும்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்தக் கடிதங்கள் சென்னைக்குப் போகின்றன; நன்றி சொல்வது ஒரு நிரல். அவள் நடந்ததை விளக்கினாள். அவரைப் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவர் சாம்பல் நிறத்தில் தெரிகிறார். சாம்பல் என்றால் பழைய ஆள், பதிவு. அவர் இப்போது பேசுவது யாருக்கும் போய்ச் சேராது. எப்போதோ பேசிய பழைய பேச்சைத்தான் தளம் அவர் தலைக்கு மேலே காட்டிக்கொண்டிருக்கிறது. அவரிடம் யாராவது பேசினாலும் அவருக்கு வந்து சேராது. தொட்டால் பலகைதான் வரும்.

“அப்போ நான் பேசுனது ஒண்ணும் அவியளுக்குக் கேட்டிருக்காதா?”

“எவியளுக்கு ஐயா?”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். டவுன் பஸ், ஏழாம் நம்பர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து விடும்வரை அதே தடம். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு வாடகை அறை, ஓட்டல் சாப்பாடு, இந்தக் கைபேசி. ஒருநாள் இந்தக் கல்லைப் பார்த்தார். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு திரைக்குள் கடலடிவரை இறங்கலாம், ஆனால் மேலே கயிற்றைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. மூன்று நாள் சும்மா நின்றார். நான்காம் நாள் ‘நித்தியகல்யாணி’ என்று ஒரு பெண் வந்து, “நான் பிடிக்கேன், நீங்க இறங்குங்க,” என்றார். அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு இருவரும் இங்கே வருவார்கள். ஒருநாள் அவர் இறங்குவார், மறுநாள் அந்தம்மா இறங்குவார். மற்றபடி பேச்சுத்தான்.

“என்ன பேசுவீங்க?”

“என்னத்தப் பேச. இன்னைக்கு என்ன கொழம்பு, மழை பேஞ்சுதா, முட்டு வலி எப்படி. அவிய மகன் வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவானாம். வேற பேச ஆளில்ல. எனக்கு அதுவும் பழக்கமில்ல பாத்துக்கிடுங்க. வாழ்நாள் பூரா தலைக்குப் பின்னால ‘ஓட்டுநரிடம் பேசாதீர்’னு போர்டு.”

“பெறவு?”

“ஒருநா வாய் சும்மா இருக்காம, உங்க பேரு என்ன, எந்த ஊருன்னு கேட்டுட்டேன். நம்பரும் கேட்டேன். அவிய சொன்னாவளோ சொல்லலியோ, கறுப்பா ஒரு பட்டை விழுந்துச்சு. மறுநாள்ல இருந்து பேச்சே கிடையாது. வருவாவ, பக்கத்துல நிப்பாவ, நான் கேக்குததுக்கு ஒரு வார்த்த பதில் சொல்லமாட்டாவ. நான் வரம்பு மீறிட்டேன்னு கோவம்போலன்னு நெனச்சேன். அதான் தெனமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சித்திரையிலிருந்து மார்கழிவரை. அவர் கேட்ட அத்தனை மன்னிப்பும் காற்றில்கூடப் போகவில்லை, வாசலிலேயே கொட்டப்பட்டுவிட்டது. ஜெசிந்தா ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று தேடுவதற்குள், “நேரமாச்சு தாயி,” என்று அவர் போய்விட்டார். அரை மணி என்றால் அரை மணி. யார் கெஞ்சினாலும் நேரத்துக்கு வண்டியை எடுத்துவிடுகிற ஜாதி.

அவள் இளம்பரிதியைக் கூப்பிட்டாள்.

“சார், சாம்பல் உருவத்துல ஒருத்தர் நிஜ ஆளு. சித்திரையில இருந்து அவர பதிவுன்னு காட்டிட்டு இருக்கோம்.”

“ஓ,” என்றார் இளம்பரிதி. “பிரிப்பானோட வேலையா இருக்கும்.”

“அது என்ன சார் பிரிப்பான்?”

“உங்கிட்ட சொல்லலையா? கூட்டம் ஆரம்பிச்சப்போ பதிவுகளையும் தளம் வருகைன்னு எண்ணிடுச்சும்மா. பொம்மையக் காட்டி எங்ககிட்ட காசு வாங்கறீங்களான்னு நிதிக்குழு கேட்டுட்டாங்க. அதுக்காகத்தான் அதை வாங்கிப் போட்டோம். அது நடையைப் பார்க்கும். தினம் அதே நேரம், அதே வழி, அதே இடத்துல நின்னா அது பதிவு. மனுஷன்னா அலைவான். இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு. அதை வெச்சுப் பிரிச்சிடும்.”

“ஒரு மனுஷன் தினமும் அதே வழியில வந்தா?”

“யாரும்மா அப்படி வருவாங்க?”

ஜெசிந்தா தன் நாளை எண்ணிப் பார்த்தாள். வீடு, ஆறு முப்பது பஸ், சன்னலோரம் மூன்றாவது இருக்கை, கிடங்கு, பெட்டிமேல் தயிர்சாதம், அதே பஸ், வீடு. பிரிப்பான் ஊருக்குள் இறங்கி நடந்தால் முதலில் அவளைத்தான் சாம்பலாக்கும். தெருவில் பாதிப் பேர் மிஞ்ச மாட்டார்கள். அலைவதற்கு ஆளும் இடமும் உள்ளவர்கள்தான் அதன் கணக்கில் உயிருள்ளவர்கள். போக இடமில்லாதவர்கள் எல்லாம் பழைய பதிவு. இந்த நினைப்பு அவளுக்குக் கோபத்தைத் தந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர்மேல் விழுந்திருந்த குறியைக் கையால் நீக்கினாள். மறுநாள் நாலு மணிக்கு ஏழாம் நம்பர் வாசலில் நுழைந்தபோது காக்கிச் சட்டை காக்கியாகவே இருந்தது. டிக்கெட் சன்னலில் நின்றார். கலங்கரை விளக்கின்கீழ் நின்றார். கல் இருக்கும் கூடத்தின் வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, நிறம் வடிந்துவிட்டது. பிரிப்பான் அவரை மறுபடி அடையாளம் கண்டுகொண்டது.

“ஐயா,” என்றாள், “நாளைக்கு வேற வழியா வாங்க. மொதல்ல சங்குக் கூடத்துக்குப் போங்க. ஒருநாள் அஞ்சு மணிக்கு வாங்க. இந்தக் கல்லுகிட்ட வராம இருங்க. அப்பதான் மெசின் உங்கள ஆளுன்னு நம்பும்.”

“அது எப்படி தாயி? நான் இங்கதான நிப்பேன்னு அவியளுக்குத் தெரியும். நாலு மணிக்குத் தேடி வந்தா இங்கதான வருவாவ? நிறுத்தத்துல ஆள் நிக்கும்போது வண்டிய வேற ரோட்டுல விட முடியுமா?”

அந்தம்மா கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவர் இங்கேயே நிற்க வேண்டும். இங்கேயே நின்றால் அவர் இல்லாதவர். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

“அது கெடக்கட்டும்,” என்றார் அவர். “ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க நேத்து சாம்பல்னா பழைய ஆளுன்னு சொன்னீங்கல்லா? எனக்கு அது தெரியாது. வயசானவங்களுக்கு அந்த நிறம் குடுக்காவன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்பத்தான் விளங்குது. ஆவணியில இருந்து அவியளும் சாம்பலாத்தான் நிக்காவ. அப்போ கல்யாணி போய்ச் சேந்துட்டாவ.”

“எங்க நிக்காவ ஐயா?”

“இதா, என் பக்கத்துல. சேலத் தலப்பப் போத்திக்கிட்டு. பழைய பேச்சத்தான் பேசுதாவ. ‘கயித்த நான் விடமாட்டேன், நீங்க இறங்குங்க’ன்னு. நானும் கோவம் தீந்து பேசுதாவளோன்னு ஒரொரு நாளும் பதில் சொல்லிட்டு நின்னேன்.” அவர் உருவம் கல்யாணியின் பக்கம் திரும்பியது. “செத்தவங்க பக்கத்துல எத்தன நாள்தான் நிக்க? நாளைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு, அதோட நிறுத்திக்கிடுதேன். இந்த போனையும் வித்துரலாம்.”

ஜெசிந்தா அந்தப் பெண் உருவத்தைத் தேர்ந்தெடுத்தாள். கோப்பைக் காட்டு என்று கேட்டாள்.

‘கோப்பு இல்லை.’

இணைப்பைத் திறந்தாள். எங்கோ, பெயர் தெரியாத ஓர் ஊரில், ஒரு கைபேசியில் அந்தம்மா இருந்தார். உயிரோடு. அந்த நிமிடம். அவளுக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. சித்திரையில் ஏழாம் நம்பர் திடீரென்று சாம்பலானதைக் கல்யாணி பார்த்திருக்கிறார். தொட்டுப் பார்த்திருக்கிறார். ‘இவர் முன்பு வந்து சென்றவர்’ என்று பலகை சொல்லியிருக்கிறது. அதைப் படித்ததும், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். அதன்பிறகு அவருக்குச் சங்கும் தோணியும் வேண்டியிருக்கவில்லை. தினமும் நேரே இங்கே வந்து, போனவரின் பக்கத்தில் அரை மணி நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அதே நேரம், அதே வழி, அதே இடம். ஆவணியில் பிரிப்பான் அவரையும் சேர்த்துக்கொண்டது.

“ஐயா, இருங்க, அவங்க—” என்று ஆரம்பிப்பதற்குள் ஏழாம் நம்பர் இருந்த இடம் காலியாயிருந்தது. நேரமாகிவிட்டது. கல்யாணியின் பக்கம் திரும்பினாள். அவரும் இல்லை. அவர் போனதும் இவரும் போய்விடுவார்போல.

இந்த முறை இளம்பரிதி பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“கஷ்டமாத்தான் இருக்கு, ஜெசிந்தா. சரி பண்ணலாம். ஆனா இப்ப முடியாது. பிரிப்பான் கூட்டத்தோட சேர்ந்தது. கூட்டத்தை மொத்தமா நிறுத்தினாத்தான் அதுவும் நிற்கும். நாளைக்கு நாலு மணிக்கு நிதிக்குழு உள்ளே வந்து பார்க்கறாங்க.”

“நாளைக்கு நாலு மணிக்குத்தான் சார் அவரும் கடைசியா வாராரு.”

“அவர்கிட்ட எதுக்கும்மா நீ பேசப் போனே? பராமரிப்பாளர் வருகையாளர்கிட்ட பேசக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த வசதிய இன்னைக்கே எடுத்துடறேன். குழு வர்ற நேரத்துல நீ உள்ளே பேசிட்டு இருந்தா அசிங்கமாயிடும்.”

“பேச்ச எடுத்துட்டா அவருக்கு நான் எப்படிச் சொல்ல?”

“ஒண்ணு பண்ணு. அந்தம்மாவோட பழைய பேச்செல்லாம் நம்மகிட்ட இருக்கு. நல்லதா நாலு எடுத்து அவருக்கு ஓட்டிவிடு. மனசு ஆறிடும். நாளைக்கு ஒருநாள் தாண்டட்டும்.” குரலைத் தாழ்த்தினார். “கூடத்தைக் காலியா காட்டினா நிதி நின்னுடும். நீ உட்கார்ந்திருக்கற கிடங்குக்கு வாடகை யார் குடுப்பா? அந்தக் கல்லு, தோணி, எல்லாத்தையும் எடைக்குப் போடணும். ரெண்டு பேருக்காகவா?”

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னால் சண்டை போடலாம், உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொலைபேசியை வைத்துவிட்டு பெட்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தாள். அந்தக் கல் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அதை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அதை வைத்து இரண்டு பேர் வாழ்ந்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் எதற்காக இருக்கிறதென்று மாநாட்டில் யாராவது அவளைக் கேட்டால் அவள் அதைத்தான் சொல்லுவாள். அவளை யார் மாநாட்டுக்குக் கூப்பிடப் போகிறார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு முன்பே நிதிக்குழு வந்துவிட்டது. ஐந்து வண்ண உருவங்கள், தலைக்கு மேலே ‘விருந்தினர்’ என்று. இளம்பரிதியின் உருவம் வேட்டி சட்டையில் முன்னால் நடந்து விளக்கிக்கொண்டிருந்தது. முத்துக்குளிப்புக் கூடம் சாம்பல் உருவங்களால் நிறைந்து, திருவிழாவுக்கு மறுநாள்போல நெரிசலாக, சத்தமில்லாமல் இருந்தது. ஜெசிந்தாவால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. அவள் எழுதிய எதுவும் உள்ளே போகவில்லை.

ஏழாம் நம்பர் வந்தார். சன்னல், விளக்கு, கல். கல்யாணி ஏற்கெனவே அங்கே இருந்தார்.

“வாரேன், கல்யாணி,” என்றார் அவர். “இனிமே வரமாட்டேன். உங்களால ஒரு வருசம் ஒழுங்காச் சாப்பிட்டேன், தூங்கினேன். அதச் சொல்லணும்னு இருந்துச்சு.”

அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே, ஜெசிந்தாவின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, அந்த நிமிடத்தின் நிஜமான பேச்சு மிதந்தது. “இன்னைக்கு மத்தி மீன் கொழம்பு, டிரைவரே. நீங்க இருந்தா கேட்டிருப்பீங்க.”

அதற்குமேல் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் பொய். அழுதுகொண்டே ‘கூட்டம்’ என்ற பொத்தானை அணைத்தாள். ‘உறுதியா?’ என்று தளம் கேட்டது. உறுதி என்றாள்.

சாம்பல் உருவங்கள் மறைந்தன. வாசலருகே ஒரு கொத்து, விளக்கருகே ஒரு கொத்து, சுவரோரம் ஒரு வரிசை. இனி இரண்டே பேர்தான் மிஞ்சுவார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடம் காலியாகவில்லை.

பாதி மறைந்தது, பாதி மறையவில்லை. மறையாதவர்கள்மேல் நிறம் ஏறியது. தூணருகே ஒரு பச்சைச் சேலை. தோணியருகே ஊன்றுகோலோடு ஒருவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். சக்கர நாற்காலியில் ஓர் இளைஞன். எல்லாரும் தினமும் அதே நேரத்துக்கு, அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள். எல்லாரும் தங்களைச் சுற்றி ஆளே இல்லை, பழைய பதிவுகள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். தோணியருகே நின்றவர் பக்கத்துப் பெண்ணிடம், “நீங்க பேசுவீங்களா?” என்று கேட்டார். “நீங்கதான் பேசமாட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றது அந்தப் பக்கம். அப்புறம் கூடத்தில் எழுத்துகள் மேலே எழும்பின, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, படிக்க முடியாத அளவுக்கு. விருந்தினர்கள் ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள். இளம்பரிதியின் உருவம் பாதி விளக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது.

மேசையில் ஜெசிந்தாவின் தொலைபேசி அடித்தது. சென்னை எண். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கல்லருகே பார்த்தாள்.

கல்யாணியின் சேலை நீலம். அவர் ஏழாம் நம்பரின் காக்கிச் சட்டையைப் பார்த்தபடி நின்றார். கைபேசியை நழுவ விட்டுவிட்டாரோ என்று ஜெசிந்தா பயப்படும் அளவுக்கு நேரம் போனது.

“டிரைவரே?”

“ஆமா.”

“நீங்க சாவலியா?”

“இல்லியே. நான் செத்தத எனக்கு யாரும் சொல்லலியே.”

“பழைய ஆளுன்னு பலகை வந்துச்சு. நான் உங்களுக்குப் பூசைகூட வச்சிட்டேன். நவம்பர்ல, செத்தவங்களுக்குச் செபிக்குத ஆவிகள் மாசத்துல. யார் பேருக்குன்னு ஃபாதர் கேட்டாவ. எனக்கு என்ன பேரு தெரியும்? ஏழாம் நம்பர்னு சொன்னேன். அவிய என்னய ஒரு மாதிரியாப் பாத்தாவ. ஆனா அப்படியே வாசிச்சாவ. ‘நம் சகோதரர் ஏழாம் நம்பரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ன்னு.”

ஏழாம் நம்பரின் தலைக்கு மேலே எழுத்து வருவதும் அழிவதுமாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் வந்தது.

“பூசைக்கு யாராவது வந்தாவளா?”

“நான் வந்திருந்தேன்லா.”